ஊமையன் கரட்டுச் சீட்டு

அந்தக் கல்லூரியில் வருகைப் பதிவேடு இரண்டு உண்டு. நிரந்தர ஆசிரியர்களுக்கு முதல்வர் அறை மேஜை மேல் சிவப்பு அட்டை போட்ட நீளப் பதிவேடு, பக்கத்திலேயே நூல் கட்டிய பேனா. தற்காலிக ஆசிரியர்களுக்குக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் நாற்பது பக்க நோட்டு. பேனா அவரவர் கொண்டுவர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எட்டேகால் பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையத்தில் வந்து இறங்கும் சேக் முகைதீன், ஒன்பது வருஷமாக அந்த நோட்டைத்தான் ஆணியிலிருந்து கழற்றிக் கையெழுத்துப் போட்டு மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். சுவரில் வைத்து எழுதுவதால் அவர் கையெழுத்து எப்போதும் கோணலாக மேலே ஏறும்.

கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கட்டடம்தான் வெட்கப்படும்; வெட்கப்பட வேண்டியவர்கள் படமாட்டார்கள். தாவரவியல் துறையில் பாடம் நடத்துவதும் முகைதீன், செடி பிடுங்கி வருவதும் முகைதீன், ரெக்கார்டு நோட்டுத் திருத்துவதும் முகைதீன். ஆனால் ஏப்ரல் மாதம் வந்தால் 'தங்கள் பணி முடிந்தது' என்று கடிதம் வரும். ஜூன் மாதம் துறைத் தலைவர் தனுஷ்கோடியின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் பல் தேய்த்து, குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு வந்து "சரி, வா" என்று சொன்னால் அடுத்த பத்து மாதத்துக்கு உயிர் வரும்.

"கேக்குறவியகிட்ட வாத்தியாருன்னு சொல்லட்டுமா, வாத்தியாரு மாதிரின்னு சொல்லட்டுமா மச்சான்?" என்று அவர் மனைவி ஜரீனா சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். சிரிப்பு அவளுடையது. வலி அவருடையது.

1986 டிசம்பரில் தனுஷ்கோடி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். அய்யனார் கோவிலுக்குப் போகிற சாலையில் பாதி வழியில் தெற்கே பிரிந்தால், மலை அடிவாரத்தில் ஊமையன் கரடு என்று அறுபது ஏக்கர் புறம்போக்கு இருக்கிறது. மேற்கே ஓடை, கிழக்கே ரோடு. ஒரு கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்துத் தைலமரம் போட விரும்பியது. அங்கே என்னென்ன செடிகொடி இருக்கிறது, அந்த இடம் வளமானதா வெறும் தரிசா என்று ஒரு கல்லூரி அளந்து சொல்ல வேண்டும் என்று அரசாங்கம் கேட்டிருந்தது. வளமென்றால் குத்தகை இல்லை. தரிசென்றால் உண்டு. அளக்கிற வேலை முகைதீனுக்கு வந்தது.

நிலத்தை அளக்கச் சங்கிலி இருக்கிறது. ஒரு காட்டில் எத்தனை வகை உயிர் இருக்கிறது என்பதை எதைக் கொண்டு அளப்பது? அதற்கும் ஒரு வழி உண்டு. வரைபடத்தில் கரட்டை நூறு கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒன்று முதல் நூறு வரை சீட்டு எழுதி, இருபது சீட்டை எடுக்க வேண்டும். வந்த எண்ணுள்ள கட்டத்தில், பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, முழங்காலுக்கு மேல் வளர்ந்த ஒவ்வொரு செடியையும் மரத்தையும் வகை பிரித்து எண்ண வேண்டும். எத்தனை வகை என்பது பாதிக் கணக்கு; எந்த வகையில் எத்தனை என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரே ஒரு எண் வரும். இலை நிறையச் சோற்றைக் கொட்டி ஓரத்தில் துளி ஊறுகாய் வைத்தால் அதை யாரும் விருந்து என்று சொல்லமாட்டார்கள் அல்லவா, அதே கணக்குத்தான். எல்லா வகையும் கலந்து பரவியிருந்தால் எண் ஏறும். ஒரே வகை ஆக்கிரமித்திருந்தால் இறங்கும்.

சீட்டு எதற்கு என்றால், மனுஷன் கண்ணை நம்ப முடியாது. பூத்த இடத்தைக் கண்டால் கால் தானாகப் போகும், முள்ளைக் கண்டால் ஒதுங்கும். கண்ணுக்கும் காலுக்கும் இடம் கொடுக்காமல் சீட்டுச் சொல்கிற இடத்தில் எண்ண வேண்டும். இதை முகைதீன் ஒன்பது வருஷமாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் கரட்டில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து அவர் சீட்டுகளைச் சுருட்டி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்க வந்த அய்யம்மாள் நின்று பார்த்தாள். பக்கத்துக் கரட்டுப்பட்டிக்காரி. நாற்பது வயசிருக்கும்.

"சீட்டா போடுதீக சாரு? எண்ணெய்ப் பாத்திரத்துல போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடாதா? செத்த நேரம் பொறுங்க" என்றவள், தண்ணீர் கொண்டுவந்திருந்த பித்தளைச் செம்பைக் கவிழ்த்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

சீட்டு எடுப்பது அவளுக்குப் புதிதல்ல. கரட்டுப்பட்டியில் கண்மாய் நிறைந்ததும், எந்த வயலுக்கு முதல் தண்ணீர், எதற்கு அடுத்தது என்று சீட்டுப் போட்டுத்தான் முறை வைப்பார்கள். செம்பில் கை விடுவது அய்யம்மாள். அவளுக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. யார் பக்கமும் சாய வேண்டிய தேவை இல்லாத கை என்று ஊர் அவளைப் பிடித்து வைத்திருந்தது. அவள் எடுத்த சீட்டை யாரும் மறுத்ததில்லை, மறுபடி எடுக்கச் சொன்னதும் இல்லை. வருஷம் பூராவும் ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறவளை அந்த ஒரு நாள் ஊரே எழுந்து நின்று பார்க்கும். அவளிடம் இருந்த சொத்து அதுதான்.

"அப்போ நீங்களே எடுங்கக்கா" என்றார் முகைதீன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அய்யனார் கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, கண்ணை மூடி இருபது சீட்டை எடுத்தாள். அவர் எண்களைக் குறித்துக்கொண்டார். முதல் மூன்றும் ஓடைப் பக்கத்துக் கட்டங்கள். மூன்று நாள் அவள் கூடவே நின்று பெயர் சொன்னாள். நீர்மருது, குருந்து, வெப்பாலை, விராலி, காரை, சூரை, கிளுவை என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு செடிக்கு மட்டும், "இதுக்குப் பேரு தெரியாது சாரு. ஆடு மோந்து பாக்காது. ஆடு மோக்காச் செடின்னு எழுதிக்கிடுங்க" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். மூன்று கட்டத்தில் முப்பத்திநாலு வகை. மருத மரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது எண் மூன்றைத் தாண்டியது. புத்தகத்தில் படித்த கணக்கு கண் முன்னால் உயிரோடு நிற்பதை அன்றுதான் அவர் பார்த்தார். சந்தோஷத்தில் அய்யம்மாளுக்கும் சேர்த்துக் கடலை மிட்டாய் வாங்கி வந்திருக்கலாமே என்று தோன்றியது.

திங்கட்கிழமை தனுஷ்கோடி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்யா முகைதீன், ஓடைப் பக்கம் யாரு உன்னையப் போகச் சொன்னா?"

"சீட்டுல வந்துச்சு சார்."

"சீட்டுல வந்துச்சாம். சீட்டு என்ன கவர்மெண்டு ஆர்டரா? கிழக்க ரோட்டை ஒட்டிக் கயித்தைப் போடு. இருபது கட்டம்தானே, அங்கனக்குள்ளயே முடிஞ்சிரும். நடக்கிற வேலையும் மிச்சம்."

"அங்க பூராம் சீமைக்கருவேலம் சார்."

"இருக்கதை எண்ணு. நான் ஒன்னையப் பொய் எழுதச் சொன்னேனா? ஒரு செடியைக் கூட்டாதே, ஒரு செடியைக் குறைக்காதே. எண்ணுறதை ஒழுங்கா எண்ணு." மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சை ஃபைலைப் பாதி வெளியே இழுத்துக் காட்டினார். முகைதீனின் பெயர் எழுதிய ஃபைல். "அந்தக் கம்பெனி முதலாளியும் நம்ம செகரட்டரியும் சம்பந்தக்காரங்க. ரிப்போர்ட் நல்லபடியா போச்சுன்னா, இந்த ஜூன்ல இதுல கையெழுத்து விழும். இல்லாட்டி நீ ஜூன்ல என் வீட்டுப் பக்கம் வரவேண்டாம்."

நல்ல மனுஷனைக் கெடுக்கப் பெரிய பாவம் எதையும் காட்ட வேண்டியதில்லை. 'நீ பொய் சொல்ல வேண்டாம்' என்று சொன்னால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகைதீன் இரண்டு கூலியாட்களோடு ரோட்டோரத்தில் கயிறு கட்டினார். அய்யம்மாள் எடுத்த சீட்டுகள் சட்டைப்பையில் இருந்தன. ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை. மேட்டில் ஆடுகளோடு வந்த அய்யம்மாள் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "சாரு, நானும் வரட்டுமா?" என்று கத்தினாள். "வேண்டாங்கக்கா, ஆள் இருக்கு" என்றவர் முள்ளைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். இனிமேல் கிழக்குக் கட்டங்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இருபது கட்டத்தில் தொள்ளாயிரம் செடி. அதில் எண்ணூற்று முப்பது சீமைக்கருவேல். மிச்சம் எழுபதில் பத்து வகை. எண், அரையைக்கூடத் தொடவில்லை. எண்ணியதில் ஒரு பிழை கிடையாது. எந்த நீதிமன்றத்தில் வைத்து எண்ணினாலும் அதே தொள்ளாயிரம்தான் வரும்.

அன்று வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நடந்ததைக் கேட்ட ஜரீனா, "அல்லாவுக்குப் பொதுவா சொல்லுங்க மச்சான். எண்ணுனது நெசந்தானே?" என்றாள்.

"நெசந்தான்."

"பொறவு ஏன் சோறு எறங்க மாட்டேங்குது?"

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். ஜரீனாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஜூன் மாதம் அவளுக்கும்தான் வந்துகொண்டிருந்தது.

'ஊமையன் கரடு பல்வகைமை குன்றிய முள்தரிசு' என்று அறிக்கை போனது. 'கட்டங்கள் சீட்டு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன' என்று ஒரு வரி அதில் இருந்தது. அந்த ஒரு வரிதான் எழுத்தில் இருந்த ஒரே பொய். அடியில் முகைதீனின் கையெழுத்து நேராக இருந்தது. மேஜையில் வைத்துப் போட்டதல்லவா.

சேதி கரட்டுப்பட்டிக்கு வந்தபோது ஊர் கொதித்தது. கலெக்டரிடம் மனுக் கொடுக்க லாரி பேசினார்கள். முப்பது பேர் கைநாட்டும் வைத்துவிட்டார்கள். அப்போது அய்யம்மாள்தான் நடுவில் போய் நின்றாள். அவளுக்கு மட்டும் கரடு வேண்டாமா? அவள் ஆட்டுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆனாலும் சொன்னாள்:

"அந்தச் சாரு நல்ல மனுசன். சீட்டு நான் எடுத்தது. அய்யனாரைக் கும்பிட்டு இந்தக் கையால எடுத்தேன். அதுல வந்த எடத்துலதான் எண்ணியிருக்காக. நம்ம தண்ணி மொறையில என்னைக்காவது சீட்டுக்கு மேல பேசியிருக்கமா? தரிசுன்னு வந்தா அது அய்யனார் விட்ட வழி. நான் எடுத்த சீட்டுக்கு எதிரா நானே எப்படிக் கைநாட்டு வைப்பேன்?"

வேறு ஊராக இருந்தால் "போடி கோட்டிக்காரி" என்று தள்ளிவிட்டு லாரி ஏறியிருப்பார்கள். கரட்டுப்பட்டி சீட்டை மதிக்கிற ஊர். சொன்னவளோ சீட்டு எடுக்கிறவள். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் மாதம் முகைதீன் சிவப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ஜரீனா தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். ஆடி மாதம் கரட்டில் இயந்திரம் இறங்கியது. மருது, குருந்து, வெப்பாலை, பெயரில்லாத அந்த ஆடு மோக்காச் செடி எல்லாம் ஒரே குவியலாக எரிந்தது. அடுத்த மழைக்குத் தைலமரக் கன்று வரிசை வரிசையாக நின்றது. நாலாம் வருஷத்திலிருந்து ஓடை மழை பெய்த அன்று மட்டும் ஓடியது, மறுநாள் மணலாகிவிட்டது. கண்மாய்க்கு வரத்துக் குறைந்தது. கரட்டுப்பட்டிக்காரர்கள் மாட்டை விற்று, ஆட்டை விற்று, பிள்ளைகளை மில் வேலைக்கு பஸ் ஏற்றினார்கள். தனுஷ்கோடி பொன்னாடை போர்த்தி ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி 'அப்பழுக்கற்றவர்' என்று நாலு பேர் பேசினார்கள். முகைதீனும் பேசினார்.

எட்டு வருஷம் அவர் அந்த ரோட்டுப் பக்கம் போகவில்லை. 1995 பிப்ரவரியில் போக நேர்ந்தது. மாணவிகளைச் செய்முறைக்கு மலைக்குக் கூட்டிப்போக அனுமதி வரவில்லை. வன்னியம்பட்டியிலிருந்து வந்து படிக்கும் அழகுத்தாய் என்ற மாணவி, "சார், அடிவாரத்துல ஒரு தைலமரக் காடு இருக்கு. எங்க மாமா அங்கதான் வாட்ச்மேன். கேட்டு வச்சுட்டேன்" என்றாள். முகைதீனுக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

தைலமரத்து நிழலில் ஒரு கிழவி சருகு அரித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வயசுக்காரியைக் கிழவி என்று எழுத வேண்டியிருக்கிறது. மாணவிகள் நூறு சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். அழகுத்தாய் விளையாட்டாக அந்தக் கிழவியிடம் நீட்டினாள்.

"ஆத்தா, கண்ணை மூடிக்கிட்டு இருபது சீட்டு எடுத்துக் குடுங்களேன்."

கிழவி பாம்பை மிதித்தவள்போலப் பின்வாங்கினாள். வலது கையை முந்தானைக்குள் இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"வேண்டாம் தாயி. என் கை ராசியத்த கை. இந்தக் கையால எடுத்த சீட்டுலதான் இந்தக் காடே போச்சு, ஓடையும் போச்சு. ஊர்ல என் பக்கம் செம்பை நீட்டுறதை நிறுத்திட்டாக. கல்யாண வீட்டுல தாம்பூலத்தட்டக்கூட என்னையத் தொட விடுறதில்ல. நீ படிக்கிற பிள்ளை, ஒனக்கு எதுக்கு?"

அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் நின்ற முகைதீனை அவள் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அதுதான் அவரைக் கொன்றது.

"சாரு! நல்லாயிருக்கீகளா? தலையெல்லாம் நரைச்சுப்போச்சே."

அவர் தலையை மட்டும் அசைத்தார். மாணவிகள் தாங்களே சீட்டு எடுத்துக் கயிறு கட்டப் போனார்கள். இரண்டு மணி நேரத்தில் இருபது கட்டமும் முடிந்தது. அழகுத்தாய் கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, நெற்றியில் வியர்வையோடு வந்தாள்.

"சார், எனக்கு சைபர் வருது. எத்தனை தடவை போட்டாலும் சைபர்தான் வருது. நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்."

"தப்பு உன் கணக்குல இல்லம்மா" என்றார் முகைதீன். "ஒரே ஒரு வகைதான் இருந்தா சைபர்தான் வரும். எட்டு வருஷத்துக்கு முன்னால, இதே எடத்துல, ஓடைக்கரையில மூணு கட்டத்துல முப்பத்திநாலு வகை இருந்துச்சு. மூணுக்கு மேல வந்துச்சு."

"அப்புறம் எப்படி சார் அழிக்க விட்டாங்க?"

அவர் அய்யம்மாளிடம் நடந்து போனார். அவளுக்கு எதிரில் சருகு மேலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க எடுத்த சீட்டுல தப்பு இல்ல. இருபதுல மூணு எடத்துலதான் நான் எண்ணினேன். அந்த மூணு கணக்கையும் கிழிச்சுப் போட்டுட்டேன். மிச்சப் பதினேழைத் தொடவே இல்ல. ரோட்டோரத்துல, முள்ளு மண்டிக் கெடந்த எடமாப் பாத்து நானாக் கயித்தைப் போட்டேன். வேலை நிரந்தரம் ஆகணும்னு அப்படிச் செஞ்சேன். உங்க கைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அய்யம்மாள் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எட்டு வருசம் சாரு. என் பேரனுக்கு இந்தக் கையால ஒருவாய்ச் சோறு ஊட்டுனதில்ல. இடது கையால ஊட்டக் கூடாதுன்னு மக கிட்டயே குடுத்துருவேன். லாரியேறப் போன சனத்தை நாந்தான் நிறுத்துனேன். ஒங்களை நல்ல மனுசன்னு சொல்லி நிறுத்துனேன்."

"ஊருக்கு வந்து சொல்லுதேன்க்கா. தண்ணி மொறைக்குச் சீட்டுப் போடுற அன்னைக்கு, எல்லாரு முன்னாலயும் நின்னு சொல்லுதேன். செம்பை உங்ககிட்டக் குடுக்கச் சொல்லுதேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எந்தத் தண்ணிக்குச் சாரு சீட்டு? கம்மாய் நெறஞ்சு மூணு வருசமாச்சு. பங்கு போடத் தண்ணி இருந்தால்ல செம்பு?"

முகைதீன் அன்றே கரட்டுப்பட்டிக்கு நடந்தார். அய்யம்மாளும் மாணவிகளும் பின்னால் போனார்கள். சாவடி முன்னால் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பெத்தம்மாள் என்ற ஒருத்தி மட்டும் எழுந்து வந்து அய்யம்மாளின் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். போன மாசம் தன் மகள் கல்யாணத்தில் அந்தக் கையைத் தட்டிவிட்டவள் அவள்தான்.

அய்யம்மாள் அழவில்லை. அழகுத்தாயைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீயும் நாளைக்கு இந்த மாதிரி எண்ணுற வேலைக்குத்தானே தாயி வருவே? கேட்டுக்கோ. பொய்க் கணக்கு எழுதுறவனை ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் பிடிச்சிரலாம். நெசக் கணக்கைக் கொண்டுபோய் வேண்டிய எடத்துல எழுதுறான் பாரு, அவனை யாராலயும் பிடிக்க முடியாது. அவனா வந்து சொன்னாத்தான் உண்டு. அவன் வந்து சொல்றதுக்குள்ள ஓடை செத்துப்போயிருது. ஒனக்கு வேலை போனாலும் போகட்டும், சீட்டுச் சொன்ன எடத்துல கயித்தைப் போடு."